மூணு ஆள் தண்ணீர்

திண்டிவனத்தைச் சுற்றியுள்ள பாசனக் கிணறுகளைப் பற்றி ஓர் ஆங்கில ஆய்வறிக்கை உண்டு. நான் பிழைக்க வந்த வெளிநாட்டு ஊரின் நூலகத்தில் அதன் பிரதி ஒன்று இருக்கிறது. அதன் நாற்பத்தோராம் பக்க அட்டவணையில் தண்ணீரின் ஆழத்தை அடிக்கணக்கில் சொல்லாமல் படிக்கட்டுக் கணக்கில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் படிகளை எண்ணியவர் என் தாய்மாமன் சவுரிராயன். அறிக்கையில் அவர் பெயர் இல்லை. நானாவது பிசகில்லாமல் சொல்ல வேண்டுமே என்று பயந்து பயந்துதான் எழுதுகிறேன்.

1957இல், பள்ளி இறுதி வகுப்பு முடித்த கையோடு, அந்த ஆய்வுக்குத் தகவல் திரட்டும் தற்காலிக வேலை அவருக்குக் கிடைத்தது. சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்டு ஃபாரம் நிரப்ப வேண்டும். பதினேழாவது கேள்வி: கிணற்றில் தண்ணீர் எவ்வளவு?

"மூணு ஆள் தண்ணிங்க," என்றார் பாண்டுரங்கன் என்ற விவசாயி.

ஒருவர் தோள்மேல் ஒருவராக மூன்று பேர் நின்றால் முங்கிப்போகும் ஆழம். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அதுதான் அளவு. மாமா எழுதிக்கொண்டார். பிறகு கை கழுவக் கிணற்றில் இறங்கினார். ஏழாம் படியில் காலில் தண்ணீர் பட்டது. சும்மா இருக்கத் தெரியாத மனுஷன், நோட்டின் ஓரத்தில் '7' என்று குறித்துவைத்தார். அதன்பின் படிக்கட்டுள்ள கிணறு எதைப் பார்த்தாலும் அதே பழக்கம்.

ஒன்பது வருடம் கழித்து, என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க, அதே ஆட்களிடம் அதே கேள்விகள். மாமாவுக்கு அதற்குள் இரண்டு பிள்ளைகள். வேலை மட்டும் இன்னும் தற்காலிகம். இந்தச் சுற்று முடிந்தால் சிலரை நிரந்தரமாக்குவார்கள் என்று பேச்சு.

பாண்டுரங்கன் மாடு கட்டி இறைத்த இடத்தில் ஆயில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"அதே மூணு ஆள்தாங்க. கொறையவே இல்ல."

திண்ணையில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி பாஞ்சாலி சிரித்துவிட்டார். "பொய் இல்ல சாரு, மூணு ஆள்தான். ஆனா மூணு பேரும் பாதாளத்துல நின்னுக்கினு கீறானுங்க. வருசா வருசம் வெடி வச்சிக் கெணத்தத் தோண்டிக்கினே இருந்தா, ஆள் கணக்கு எப்டிக் கொறையும்?"

"சும்மா கெட. நம்ம பையனுக்குப் பொண்ணு குடுக்க வர்றவன் காதுல வுழப்போவுது."

மாமா இறங்கிப் பார்த்தார். ஏழாம் படியில் புல் முளைத்திருந்தது. தண்ணீர் இருபத்து மூன்றாம் படியில்.

மேற்பார்வையாளர் நடராசனுக்கு அவசரம். "அப்பவும் மூணு, இப்பவும் மூணு. மாற்றமில்லைன்னு போட்டுக் கையெழுத்து போடுய்யா. சனிக்கிழமை அனுப்பணும்."

"சார், கேள்வியே தப்பு. எவ்ளோ தண்ணி நிக்குதுன்னு கேட்டோம். எங்க நிக்குதுன்னு கேக்கல."

"படிக்கட்டுக்கு ஃபாரத்துல கட்டம் கிடையாது. உனக்கு இன்னாய்யா பேஜாரு? லிஸ்ட்டுல பேரு வரணுமா, வேணாமா?"

"வரணும் சார். பத்து நாள் குடுங்க."

நடராசன் தரவில்லை. மாமா கையெழுத்தும் போடவில்லை. சம்பளமில்லா விடுப்பில், பழைய நோட்டை எடுத்துக்கொண்டு, அறுபத்து நான்கு கிணறுகளில் மறுபடி இறங்கி ஏறினார். 'மாற்றமில்லை' என்று அச்சாகியிருந்தால், இஞ்சினுக்கு எண்ணெய் மட்டும்தான் செலவு, பூமிக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று ஆகியிருக்கும். பொருளாதாரம் படிக்காத மாமாவுக்கு அது எப்படித் தெரிந்ததோ, நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புதான்.

அவர் கொண்டுவந்த தாள்களை நடராசன் திட்டிக்கொண்டே வாங்கினார். ஆனால் கிழிக்காமல் ஃபாரத்தோடு சேர்த்துத் தைத்து அனுப்பினார். அதற்கு அவருக்கும் ஒரு கும்பிடு. நிரந்தரப் பட்டியலில் மாமா பெயர் வரவில்லை. விழுப்புரத்தில் ஓர் அரிசி ஆலையில் எழுத்தராகச் சேர்ந்தார்.

சேருவதற்கு முந்தின நாள் பாண்டுரங்கன் வீட்டுப் பக்கம் போனாராம். பாஞ்சாலி வழிமறித்துக் கேட்டார்.

"இன்னா சாரு, எங்க ஆளுங்க எங்க நிக்கிறானுங்கன்னு எழுதிட்டியா?"

வேலை போனதை மாமா சொல்லவில்லை.

"எழுதிட்டேங்க. இருவத்தி மூணாம் படியில."