தானாகத் தள்ளிய சுவிட்ச்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: பதின்மூன்று வயதில் நான் ஒரு மடையன். அதுவும் கம்ப்யூட்டர் தெரிந்த மடையன். தெரியாத மடையனால் ஒரு வீட்டுக்கு அவ்வளவு சேதம் வராது.

எங்கள் சாய்ந்தமருது வீட்டில் இருந்த ஒரே லேப்டாப் என் மூத்த சகோதரி ராத்தாவுடையது. அதில் ஒரு திறந்த மூல இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தேன். செய்து முடித்த பதிப்பும் கிடைத்தது. அது கிழவர்களுக்கு என்று ஒதுக்கிவிட்டு, இன்னும் செய்துகொண்டிருந்த பரிசோதனைப் பதிப்பைப் போட்டேன். முக்கியமான வேலைக்குப் பாவிக்க வேண்டாம் என்று அதைச் செய்தவர்களே எழுதியிருந்தார்கள். அது மற்றவர்களுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன்.

தினமும் சுபஹ் தொழுத கையோடு லேப்டாப்புக்கு ஓடுவேன். இரவு டேட்டா காலை எட்டு மணியோடு முடிந்துவிடும். அதற்குள் அப்டேட் இறங்கியாக வேண்டும். திங்கட்கிழமை அப்டேட்டில் சத்தம் போனது. செவ்வாய் சத்தம் வந்தது, கமரா போனது. புதன் கமரா வந்தது, திரை தலைகீழாகிவிட்டது. ராத்தா லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்து ஒரு விரிவுரை முழுக்கக் கேட்டாள். வியாழன் எல்லாம் சரி. அதனால்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாளைக்கு என்ன புதிதாக வருமோ?

ராத்தாவுக்கோ சனிக்கிழமை காலை தன் கடைசி வருட ஆய்வை ஓன்லைனில் விளக்க வேண்டும். தவறினால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

"அது முடியுமட்டும் நீ இதத் தொடப்படாது" என்றாள். வல்லாஹி தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

வெள்ளி காலை, சும்மா பார்ப்போம் என்று திறந்தேன். வைஃபை இல்லை. பட்டியலில் பக்கத்து வீட்டு வைஃபையும் இல்லை. மூன்று தரம் அணைத்து ஏற்றினேன். இல்லை. ராத்தாவிடம் சொன்னால் தொட்டது தெரிந்துவிடும். வாப்பாவின் போனைத் தூக்கிக்கொண்டு போய், இயங்குதளத்தைச் செய்பவர்களின் தளத்தில் என் பாடசாலை ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுதினேன்: என் சகோதரியின் வாழ்க்கை உங்கள் கையில் இருக்கிறது. ஜும்ஆவில் குத்பாவின் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. சுஜூதில் நெற்றியை நிலத்தில் வைத்து நான் கேட்டது வைஃபையை மட்டும்தான். வீட்டுக்கு வந்தும் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் போனைப் பார்க்க ஓடினேன்.

"எறும்பு கடிச்சவன் மாதிரி என்னத்துக்கு மனெ ஓடித் திரியிறா?" என்றார் உம்மா.

சனிக்கிழமை கதவுக்குப் பின்னால் நின்றேன். ராத்தா ஸ்கார்ஃபைச் சரிசெய்தாள், லேப்டாப்பின் ஓரத்தை ஒருமுறை தடவினாள், பிஸ்மி சொல்லித் தொடங்கினாள். கடைசி வரைக்கும் ஒரு சொல் அறுபடவில்லை.

நீங்கள் திருத்திவிட்டீர்கள், நன்றி என்று அந்தத் தளத்துக்கு எழுதினேன். நாங்கள் எதையும் மாற்றவில்லை, லேப்டாப்பின் ஓரத்தில் வைஃபை சுவிட்ச் இருக்கிறதா என்று பதில் வந்தது. பார்த்தேன். இருந்தது, அரிசிமணி அளவில். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பரிசோதனைப் பதிப்பு சுவிட்சைக்கூடத் தானாகத் தள்ளுகிறது என்று இரண்டாவது முறைப்பாடு போட்டேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

போன பெருநாளுக்கு மச்சானிடம், ராத்தாவின் கணவரிடம், இந்தக் கதையைக் கை கால் வைத்துச் சொன்னேன். அன்றைக்கு அந்தச் சுவிட்சைத் தள்ளியது சுஜூதில் நான் கேட்ட துஆதான் என்று முடித்தேன். வட்டிலப்பம் வெட்டிக்கொண்டிருந்த ராத்தா தலை நிமிரவில்லை.

"ஓப் பண்ணினதும் ஓன் பண்ணினதும் நான்தான்."