குளிர்காலத்துக் கடல்தான் வேண்டும்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் நீராவியக்கா என்றுதான் அழைப்பார்கள். துணி தேய்க்கும் பெரிய இயந்திரத்தின் மூடியை அவள் இறக்கினால் குப்பென்று ஆவி கிளம்பும். அது அடங்குவதற்குள் அடுத்த விரிப்பை உதறி எடுத்திருப்பாள். ஆண்டு முழுவதும் வெக்கையில் வெந்த உடம்பு அது. ஆகையால் விடுமுறை என்றால் அவளுக்குக் குளிர்காலம். குளிர்காலம் என்றால் கடலும், கடலை ஒட்டிய சதுப்பு நிலமும்.

விடுதிகள் பாதி அடைத்துக் கிடக்கும் காலத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குக் கிளம்புகிறவளைப் பார்த்துத் தெருவே சிரிக்கும். சிரிக்கட்டுமே!

சென்ற குளிர்காலத்தில் அவள் சேற்றில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் பூசணிக்காயாய் வீங்கிற்று. அவள் கணவருக்கு அது போதாதா? கடைவீதியில் பூட்டுப் பழுதுபார்க்கும் அவர், மகளையும் தம் கட்சியில் சேர்த்துக்கொண்டார்.

"அம்மா, கோடையில போயேன். எல்லாரும் அப்பத்தானே போறாங்க?"

"எல்லாரும் என்கூட அந்த ஆவியில நின்னாங்களாடி? போறதுக்கு மட்டும் எல்லாரா?"

கணவர் தொண்டையைச் செருமினார். "சரி, இந்தத் தடவை நானும் வர்றேன். சதுப்புல பலகைப் பாதை இருக்குல்ல, அது முடியிற இடம்வரைக்கும் உன் காலாலயே நடந்து காட்டு. காட்டிட்டா இந்த விஷயத்துல நான் வாயே திறக்கமாட்டேன். பாதியில திரும்பினா, இனிமே கோடைதான். சம்மதமா?"

"நீங்களாவது, வாயை மூடறதாவது! ஊர்ப் பூட்டையெல்லாம் சரிபண்றீங்க, உங்க வாய்க்கு மட்டும் ஒரு பூட்டு அமையலியே!" என்றாள். ஆனாலும் சம்மதித்தாள்.

அவர்கள் போய் இறங்கிய அன்று வானம் ஈயமாய்க் கனத்திருந்தது. இரு புறமும் பழுத்த நாணல். இடையில் வழுவழுத்த பலகைகள். வலி எடுத்த காலைச் சற்றே இழுத்து, கைப்பிடிக் கயிற்றைப் பற்றியபடி அவள் முன்னே நடந்தாள். உள்ளான் பறவைகள் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

"மழைக்கோட்டுதான் போட்டிருக்கோமே, வாங்க" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை. பின்னாலிருந்து ஓர் அலறல்.

"முதுகெல்லாம் தண்ணி! புதுக் கோட்டு, இப்படி ஒழுகுதே!"

அவள் தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். அங்கும் ஈரம் ஊறியிருந்தது. சட்டென்று விளங்கிவிட்டது. கசங்கலோடு ஒரு துணி வீட்டு வாசலைத் தாண்டுவதை அவளால் பொறுக்க முடியாது. புறப்படுவதற்கு முன்னால் இரண்டு கோட்டுகளையும் நல்ல சூட்டில், மடிப்புக் கலையாமல் தேய்த்திருந்தாள். நீர் புகாமல் காக்கும் பூச்சு அந்தச் சூட்டில் உருகிப் போயிருந்தது.

"கோட்டையுமா தேய்ச்சே?"

"தேய்ச்சேன்."

"மழைக்கோட்டை யாராவது தேய்ப்பாங்களா? தொழில்காரியாம்! வா, திரும்பலாம். பந்தயத்துல நீ தோத்தாச்சு."

அவள் நின்றாள். நெற்றியில் வழிந்த நீரைப் புறங்கையால் துடைத்தாள். தவறு தன்னுடையதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் தவறு செய்தவள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பத்தான் வேண்டும் என்று எவன் எழுதிவைத்தான்?

"நல்லா நனைஞ்சாச்சுங்க. திரும்பினாலும் ஈரம், போனாலும் ஈரம். அப்புறம் எதுக்குத் திரும்பணும்?"

"ஜுரம் வந்தா?"

"வந்தா, கோடையில வர்ற ஜுரத்துக்கு என்ன மருந்தோ அதுதான் இதுக்கும்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் பத்தடி போயிருந்தாள். பலகை வழுக்கிய இடத்தில் உட்கார்ந்து நகர்ந்தாள். பிறகு கயிற்றைப் பிடித்து எழுந்தாள். "கையைக் கொடு" என்று அவர் குனிந்தபோது, "என் காலாலன்னு சொன்னது நீங்கதான்" என்று தட்டிவிட்டாள்.

நாணல் விலகியது, பலகைகள் முடிந்தன. எதிரே சாம்பல் நிறக் கடல் இரைந்து புரண்டது. அங்கிருந்து பாய்ந்து வந்த காற்று முகத்தில் அறைந்தது. அவள் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, கைகளை விரித்து, அந்தக் குளிரை மார்போடு வாங்கிக்கொண்டாள்.

"அடுத்த குளிர்காலமும் வருவேன். அதுக்கடுத்ததும் வருவேன். கால் வராட்டி ஊன்றுகோலோட வருவேன். என்ன சொல்றீங்க?"

கொடுத்த வாக்கு கொடுத்ததுதானே. அவர் வாய் இறுக மூடியிருந்தது. உள்ளே பற்கள் மட்டும் கடகடவென்று அடித்துக்கொண்டன.