வோத்திய மொழியில் ஒரு சொல்

செங்கல்பட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். கனத்த கண்ணாடி, ஒரு காதில் மட்டும் இயர்போன். எதையோ திரும்பத் திரும்பக் கேட்பாள், ஓசையில்லாமல் உதட்டை அசைப்பாள், பிறகு நோட்டில் எழுதுவாள். கண்கள் கலங்கியிருந்தன.

"இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டேன்.

"ரஷ்யாவுல வோத்தியம்னு ஒரு பாஷைக்கா. பேசறவங்கள விரல்வுட்டு எண்ணிடலாம். அதுல ஒரு அம்மா பேசின டேப்பைக் கேட்டு எழுதித் தர்றதுதான் என் வேலை. மூணு வருஷமா அவங்க குரலைக் கேட்டுகினு இருக்கேன், நேர்ல பாத்ததில்ல. அவங்க செத்துட்டாங்கன்னு இப்பதான் மெயில் வந்துச்சு."

அவள் நோட்டை என் பக்கம் திருப்பினாள். ஒரு வரியைக் காட்டித் தொடர்ந்தாள்.

"அந்த பாஷைல சில சொல்லுக்குக் கடைசி உயிரெழுத்து வுழுந்துடும். மெய்யெழுத்துலயே விகுதி ஒட்டிக்கும். ஒரு சொல்லை அவங்க ஒரு தபா உயிரோட சொல்றாங்க, இன்னொரு தபா இல்லாம சொல்றாங்க. எது சரின்னு அவங்களையே கேக்கச் சொல்லி மெயில் அனுப்பியிருந்தேன்."

"இப்ப எதை எழுதுவ?"

பேனா மூடியைத் திறந்து மூடினாள்.

"ரெண்டையும்தான்க்கா. ரெண்டும் அவங்க வாயால வந்ததாச்சே. ஒண்ணைத் தப்புன்னு அடிக்க நான் யாரு?"

அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டச் சொன்னேன். மெதுவாக இரண்டு விதமாகவும் சொன்னாள். அந்த ஓசை இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்கு என்ன பொருள் என்று கேட்கத் தோன்றியபோது அவள் இறங்கிப் போயிருந்தாள்.