அலமாரிக்குள் பச்சைப்பயறு

பெர்சிஸ் டீச்சருக்கு ஐம்பத்து மூன்று வயது. பாளையங்கோட்டையில் பிறந்து, வண்ணார்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு, பேட்டையில் ஒரு தொடக்கப்பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இரண்டாம் வகுப்பு எடுக்கிறார். நல்ல ஆசிரியை என்று சொல்லலாம். மோசமில்லை என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

ஆண்டுதோறும் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளில் மண் நிரப்பிப் பச்சைப்பயறு போடுவார். ஒன்று சன்னலில், மற்றது அலமாரிக்குள். எட்டாம் நாள் அலமாரியைத் திறந்தால் முளை தலைகாட்டிக் கருகிக் கிடக்கும். 'வெளிச்சம் இல்லாமல் செடி வளராது' என்று கரும்பலகையில் எழுதுவார். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்வார்கள்.

சன்னல் சிரட்டைக்குத் தினமும் தண்ணீர் உண்டு. அலமாரிச் சிரட்டைக்கு முதல் நாளோடு சரி. முதல் வருடம் அது மறதி. அதற்கடுத்த வருடங்களை மறதியில் சேர்க்க முடியாது. பாடம் கச்சிதமாக முடிந்தது, அவ்வளவுதான்.

இந்த ஆண்டு வாக்கியத்தை முதலிலேயே எழுதிவிட்டு அலமாரியைத் திறந்தார். உள்ளே ஒரு சாண் உயரத்துக்கு வெளிர்மஞ்சளாகப் பயறு நின்றது. சன்னலில் இருந்தது அதில் பாதி இல்லை.

"யப்பா! இருட்டுல உள்ளதுதான் ஜெயிச்சிட்டு!" என்று அலி அஸ்கர் கத்தினான்.

"யாரு இதுக்குத் தண்ணி ஊத்துனது?"

விஜயஸ்ரீ எழுந்தாள். "நாந்தான் டீச்சர். மண்ணு காஞ்சி கெடந்து. நீங்க மறந்துட்டியன்னு நெனச்சேன். அம்மன் கொடைக்கு எங்கம்மா முளைப்பாரி இருட்டு ரூமுலதான் வைப்பாவ. தண்ணி தெளிச்சா இப்படித்தான் நெட்டையா வரும்."

ஆமாம், மறந்துவிட்டேன் என்றால் போதும். ஏழு வயதுப் பிள்ளைகள் அதற்கு மேல் தோண்டமாட்டார்கள். பெர்சிஸ் சிரட்டையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மறக்கல. வேணும்னேதான் ஊத்தல."

"ஏன் டீச்சர்?"

"வளராதுன்னு சொல்லிட்டேன்லா. வளந்துரக்கூடாதுல்ல."

"அப்போ களவாணித்தனம்லா டீச்சர்!" என்றான் அலி அஸ்கர். யாரோ சிரித்தார்கள்.

"ஆமாலே," என்றார் பெர்சிஸ்.

கரும்பலகையை அழித்துவிட்டு, "அந்த முளைப்பாரி பெறவு என்னாவும்ட்டி?" என்று விஜயஸ்ரீயிடம் கேட்டார்.

"ஆத்துல விட்டுருவோம்."

பத்தாம் நாள் தாமிரபரணியோடு போய்விடுவதால், அதற்கப்புறம் அது என்னவாகும் என்று அவளும் பார்த்ததில்லை, அவள் அம்மாவும் பார்த்ததில்லை. பெர்சிஸ் புத்தகத்தில் படித்திருந்தார். கண்ணால் பார்த்ததில்லை.

இரண்டுக்கும் தண்ணீர் ஊற்றுவது என்று முடிவாயிற்று. பதினாறாம் நாள் அலமாரிப் பயறு மடங்கிச் சாய்ந்தது. சன்னல் பயறு புது இலை விட்டிருந்தது. விதைக்குள் இருந்த சாப்பாட்டைத் தின்றுதான் அலமாரிப் பயறு அவ்வளவு உயரம் போனது, அது தீர்ந்ததும் புதிதாகச் சமைத்துக்கொள்ள வெளிச்சம் இல்லை என்று விளக்கினார். பிள்ளைகள் இரண்டு சிரட்டைகளையும் தொட்டுப் பார்த்த பிறகே தலையாட்டினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை, மீன் செவுளால் மூச்சுவிடுகிறது என்று பாடம் தொடங்கினார்.

"நீங்க பாத்தியளா டீச்சர்?" என்று கேட்டாள் விஜயஸ்ரீ.

"இல்ல. படிச்சதுதான்."

"அப்போ பாத்துட்டு எழுதுவோம்," என்று நோட்டை மூடிவைத்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் மூடினார்கள்.

அரையாண்டுத் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அந்த வகுப்பு நான்கு பாடம் பின்தங்கியிருக்கிறது.