நொச்சி ஒத்தடமும் என் பொய்யும்

கட்டு அவிழ்த்தாயிற்று!

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. காயத்துக்கு மருந்து கட்ட வீட்டுக்கு வரும் நர்ஸ் என் இடது கணுக்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, "இனி நான் வரத் தேவையில்லை" என்றார். என் மனைவி பவானி பாய்ந்து போய் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டாள். ஹம்பேர்க்கில் நர்ஸ்களை யாரும் இப்படிக் கட்டிப்பிடிப்பதில்லை. அவர் கொஞ்சம் விறைத்துப்போனார். பிறகு சமாளித்துக்கொண்டு பவானியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

கடந்த ஐந்து கிழமையாக, வாரா வாரம் நான் எழுதும் இந்தப் பத்தியில் ஏன் ஒரு சோர்வு தெரிகிறது என்று இரண்டு மூன்று வாசகர்கள் கேட்டிருந்தீர்கள். காரணம் இதுதான். சொன்னால் சிரிப்பீர்கள்... சிரியுங்கள். இப்போது நானும் சேர்ந்து சிரிக்கலாம்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், புதியவர்களுக்காகச் சொல்கிறேன். ஐந்து வருஷத்துக்கு முன் வேலையிடத்தில் ஏணியிலிருந்து விழுந்தேன். முதுகுத்தண்டு போனது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. கிள்ளினால் தெரியாது. ஐஸ் வைத்தால் தெரியாது. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான் என் வாகனம்.

இப்படி ஒருவன் தமிழர் விழாவுக்குப் போனால் என்ன கிடைக்கும்? சாப்பாட்டுக்கு முன் மருந்து கிடைக்கும்! கேக் வெட்டுவதற்குள் ஒருவர் குனிந்து காதுக்குள், "அண்ணை, கேரளாவில ஒரு இடம் இருக்கு..." என்று தொடங்குவார். இன்னொருவர் செம்புக் காப்பு ஒன்றைக் கழற்றி என் கையில் மாட்டிவிடுவார். எர்லாங்கனில் இருந்து வந்திருந்த சென்னை என்ஜினியர் தம்பி ஒருவர், "சார், அக்குபஞ்சர் ட்ரை பண்ணீங்களா? எங்க டீம்ல ஒருத்தரோட அப்பா இப்ப ஜாகிங் போறார்" என்றார்.

ஜெர்மன்காரர் மட்டும் சளைத்தவர்களா? மேல்மாடிப் பெண்மணி ஒரு பச்சை டப்பா கொண்டுவந்து தந்தார். குதிரைத் தைலம்! பந்தயக் குதிரையின் காலுக்குப் பூசுவதாம். இங்கே கடைகளில் மனிதருக்கும் தாராளமாக விற்கிறார்கள். பூசினேன். நான் ஓடவில்லை. இரண்டு நாள் வீடு முழுக்கக் கற்பூர வாசம் வீசியதுதான் மிச்சம்.

இவர்கள் யாரையும் நான் குறை சொல்லவில்லை. வெறுங்கையோடு வந்து அனுதாபம் சொல்ல மனம் வராமல் ஆளுக்கொரு மருந்தோடு வருகிறார்கள். எல்லாம் அன்புதான். இந்த முறை அந்த அன்பு கொஞ்சம் சூடாக வந்தது, அவ்வளவுதான்.

பவானியின் அக்கா செல்வராணி யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார். முதல் தடவை மறுத்து, இரண்டாம் தடவை கிடைத்த விசா. என்னைவிட எட்டு வயது மூத்தவர். சூட்கேஸைத் திறந்தால் அவருடைய சேலை நாலே நாலு. மீதி முழுக்க எனக்கு — ஒரு மூட்டை காய்ந்த நொச்சி இலை, ஊரில் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் காய்ச்சிக் கொடுத்த எண்ணெய் இரண்டு போத்தல். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி இலைப் பையைப் பிரித்து மணந்து பார்த்து, "டீ?" என்று கேட்டாராம். "ஓம், டீ" என்று தலையாட்டிவிட்டு அக்கா வந்துவிட்டார்.

மறுநாளே வைத்தியம் தொடங்கியது. இலையையும் கல் உப்பையும் துணியில் பொட்டலமாகக் கட்டி, எண்ணெயில் தொட்டு, தாச்சியில் சூடாக்கி, காலில் ஒத்தி ஒத்தி எடுக்க வேண்டும். அக்காவுக்கு முழங்கால் நோ. அப்படியிருந்தும் என் முன் தரையில் பாயைப் போட்டு இருந்துகொண்டு, வியர்க்க வியர்க்க ஒத்தடம் கொடுத்தார். நடுவில் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"சூடு தெரியுதோ தம்பி?"

என்ன சொல்வது? விருந்துக்குப் போன வீட்டில், "கறிக்கு உப்புக் காணுமோ?" என்று கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? உப்பே போடாவிட்டாலும் "அந்தமாதிரி இருக்கு" என்று புகழ்வோம். அந்தப் பழக்கம்தான். வாய் தன்பாட்டில் சொன்னது.

"ஓம் அக்கா, நல்ல இதமா இருக்கு."

அக்கா பொட்டலத்தை அப்படியே போட்டுவிட்டு எழும்பினார்.

"பவானி! ஓடி வா! தம்பிக்குக் கால் தெரியுதாம்!"

பவானி குசினியிலிருந்து கையில் அகப்பையோடு ஓடி வந்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்தேன். ஐந்து வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும் — இல்லை அக்கா, சும்மா சொன்னேன் என்று. சொல்லவில்லை. அந்த முகத்துக்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை.

பின்னேரத்துக்குள் செய்தி கனடா போய், லண்டன் போய், யாழ்ப்பாணம் போய்த் திரும்பி வந்தது. வீடியோ கோலில் என் காலைத்தான் காட்டினார்கள். என் முகத்தை யாரும் கேட்கவில்லை. ரொறொன்ரோவில் இருக்கும் ஒரு மைத்துனர் என் கால் பெருவிரலைப் பார்த்துக் கையசைத்தார்!

அடுத்தடுத்த நாட்களில் சூடு ஏறியது. "இண்டைக்குக் கொஞ்சம் கூட்டி வைப்பம். அப்பதான் நரம்பு முழிக்கும்" என்றார் அக்கா. அவர் வைத்திருந்தது ஊர் விறகடுப்புக் கணக்கு. எங்கள் மின்னடுப்போ ஒன்பதாம் எண்ணில் வைத்தால் பிசாசு மாதிரிச் சுடும். வருஷக்கணக்காக அடுப்பில் சட்டி தூக்கிப் பழகிய கைக்கு அது பெரிய சூடாகவும் தெரியவில்லை. ஆனாலும் பாவம், ஒவ்வொரு முறையும் "சூடு கூடிப்போச்சோ?" என்று கேட்கத்தான் செய்தார். நான்தான் ஒவ்வொரு முறையும் "இல்லை அக்கா, அளவா இருக்கு" என்றேன். எனக்கே தெரியாத சூட்டுக்கு நான் அளவு சொல்லிக்கொண்டிருந்தேன். ஒத்தடம் முடிந்ததும் சூடு போகாமல் இருக்கட்டும் என்று கம்பளிக் காலுறை வேறு.

ஐந்தாம் நாள் காலை. எனக்குக் காலுறை மாற்றிக்கொண்டிருந்த பவானி திடீரென்று என் பெருவிரலைக் கிள்ளினாள். கிள்ளிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியுதோப்பா?"

"கொஞ்சம்..." என்றேன்.

அக்காவுக்குச் சொன்னதை மரியாதைக்குச் சொன்ன பொய் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர் வைப்பது? அன்று முழுக்க எனக்கு என்மீதே வெறுப்பாக இருந்தது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஃபிசியோதெரப்பி செய்ய கிழமைக்கு ஒரு தடவை வீட்டுக்கு வரும் கத்ரின் வந்தார். வழக்கமாக வாய் ஓயாதவர். என் காலுறையைக் கழற்றியதும் பேச்சை நிறுத்திவிட்டார். எட்டிப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே கோழி முட்டை அளவில் ஒரு கொப்புளம். சுற்றிவரத் தோல் சிவந்து போயிருந்தது. என்னுடைய கால் வெந்திருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியாது!

கொப்புளத்துக்கு இவ்வளவு ஆரவாரமா என்று நினைக்கிறீர்களா? விழுந்த முதல் வருஷம் எனக்கு ஒரு படுக்கைப் புண் வந்தது. சின்னப் புண்தான். உணர்ச்சியில்லாத இடத்தில் புண் இலேசில் ஆறாது. ஒன்பது கிழமை குப்புறப் படுத்துக் கிடந்தேன். சாப்பாடு, டீவி, பார்க்க வந்தவர்களின் சப்பாத்து... எல்லாம் தரை மட்டத்தில். இன்னொரு தடவை அப்படியா? இது ஆழமாகிக் கிருமி பிடித்தால் காலையே எடுக்க நேரலாம் என்பதும் எனக்குத் தெரியும்.

"சூடாக ஏதாவது வைத்தீர்களா?" என்று கத்ரின் ஜெர்மனில் கேட்டார். "வைத்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

அக்காவுக்கு ஜெர்மன் தெரியாது. "என்னவாம் தம்பி? என்னவாம்?" என்று பதறினார். 'ஒன்றுமில்லையாம்' என்று சொல்லித் தப்பலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் பவானிக்கு ஜெர்மன் தெரியும். அவள் கத்ரினைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, எனக்குச் சூடு தெரியேல்லை" என்றேன். "ஒருநாளும் தெரியேல்லை. நீங்கள் கஷ்டப்பட்டுச் செய்யிறீங்கள் எண்டு சும்மா சொன்னனான். பவானிக்கும் பொய்தான் சொன்னனான்."

நான் கட்டிலில் இருந்தேன். பவானி என் சக்கர நாற்காலியில் போய் இருந்துவிட்டாள்.

அன்றே டொக்டரிடம் போனோம். டெர்மின், அதாவது முன்பதிவு, இல்லாமல் போனால் வரவேற்பில் இருக்கும் பெண் பார்க்கும் பார்வை உங்களுக்கும் தெரிந்திருக்கும். கத்ரின் போனில் என்ன சொன்னாரோ, நேரே உள்ளே விட்டார்கள். அக்காவும் எண்ணெய்ப் போத்தலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு ஏச்சு வாங்கத் தயாராகக் கூடவே வந்தார். டொக்டர் ஏசவில்லை. போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தோலுக்கு ஒத்துக்கொண்டால் எண்ணெய் தடவுவதில் எனக்கு மறுப்பில்லை. இதில் என்னென்ன இருக்கிறது என்று எழுதித் தாருங்கள். ஆனால் உணர்ச்சியில்லாத இடத்தில் சூடு வேண்டாம். உங்கள் பொட்டலமும் வேண்டாம், எங்கள் ஊர்ச் சுடுநீர்ப் பையும் வேண்டாம். எதைச் செய்வதென்றாலும் முதலில் என்னிடம் சொல்லுங்கள்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உண்மையைச் சொல்லுங்கள்" என்றார். ஐம்பத்தெட்டு வயதில் பள்ளிக்கூடப் பையன் மாதிரித் தலையாட்டினேன்.

புண் ஆழமா இல்லையா என்பது இரண்டு கிழமையில்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார்.

அந்த இரண்டு கிழமை! நர்ஸ் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கட்டை அவிழ்ப்பார். நாங்கள் மூன்று பேரும் புண்ணைப் பார்ப்பதில்லை. நர்ஸின் புருவத்தைப் பார்ப்போம். புருவம் சுருங்கினால் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது. அக்கா டிக்கெட்டை மாற்றி ஊருக்குப் போகப் போவதாகச் சொன்னார். பவானி எனக்குச் செய்ய வேண்டியது எல்லாம் செய்தாள், பேசத்தான் இல்லை. மூன்றாம் நாள் காலை குளிசையையும் தண்ணீரையும் நீட்டும்போது பேசினாள்.

"நீங்கள் நடக்கமாட்டீங்கள் எண்டு எனக்கு எப்பவோ தெரியும். அதோட நான் பழகீட்டன். என்னைத் திரும்ப நம்ப வைச்சீங்கள் பாருங்கோ... அதைத்தான் தாங்க ஏலாமல் இருக்கு."

 மன்னிப்புக் கேட்டேன்.

"நடக்காட்டிப் பரவாயில்லை. எனக்குப் பொய் சொல்லாதேங்கோ."

சரி என்றேன். அன்று பின்னேரம் என் தேத்தண்ணிக்குச் சீனி வந்தது. மூன்று நாளாக வரவில்லை.

பத்தாம் நாள் அக்கா என் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். கட்டுப் போட்ட காலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்ப உமக்கு எங்கதான் தம்பி நோகுது?"

திகைத்துப்போனேன். பதில் யோசிக்கத் தேவையில்லாத கேள்விதான். 

"தோள் அக்கா. ரெண்டு தோளும். காலமையில சீப்பால தலை இழுக்கக் கையைத் தூக்க ஏலாது."

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, வாசலிலிருந்து பஸ்ஸுக்கு... ஐந்து வருஷமாக என்னைத் தூக்கிச் சுமப்பது இந்தத் தோள்கள்தான். பவானிக்குக்கூட நான் சொன்னதில்லை. என்னைத் தூக்கி அவளுக்கு முதுகு நோ. இதில் என் தோளைப் பற்றி என்ன பேச்சு என்று விட்டுவிட்டேன்.

"ஏன் இதை முந்திச் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லையே அக்கா."

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை இரண்டு நல்ல விஷயங்கள் நடந்தன. காலையில் டொக்டர் பார்த்துவிட்டு, புண் ஆழமில்லை, ஆறிவிடும் என்றார். பவானி அங்கேயே அழுதாள். நானும்தான். பின்னேரம் கத்ரின் வந்தார். இந்த முறை முன்கூட்டியே கேட்டோம். தோளில் உணர்ச்சி இருக்கிறது, மிதமான சூடு தாராளமாக வைக்கலாம் என்றார். எந்தத் தசையை எப்படி அமத்துவது என்று தன் முறையைக் காட்டினார். அக்கா தன் முறையைக் காட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு ஜெர்மன் தெரியாது. ஆளுக்கொரு தோளாக ரொட்டிக்கு மாக் குழைப்பதுபோலக் குழைத்தார்கள். பிறகு அக்கா பொட்டலத்தைத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு என் தோளில் வைத்தார்.

"ஐயோ! சுடுது அக்கா, சுடுது!" என்று கத்தினேன்.

உண்மையாகவே சுட்டது. பவானி விழுந்து விழுந்து சிரித்தாள். 

தோள் முழுக்கச் சுகமாகிவிட்டதா? இல்லை. பொய் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நோ இருக்கிறது. ஆனால் இப்போது காலையில் நானே தலை இழுத்துக்கொள்கிறேன். அக்காவும் டிக்கெட்டை மாற்றவில்லை. விசா முடியும் வரை இருந்துவிட்டுத்தான் போவாராம்.

நாட்டு மருந்து நல்லதா, ஆஸ்பத்திரி மருந்து நல்லதா? அந்தப் பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. இந்த ஐந்து வருஷத்தில் எனக்கு வைத்தியம் சொன்னவர்களை மட்டும் ஒருநாள் இருந்து எண்ணிப் பார்த்தேன். நினைவில் நின்றவர்களே இருபத்து மூன்று பேர். எல்லோரும் மருந்து தந்தது காலுக்கு. ஒருநாளும் நோகாத காலுக்கு!

எங்கே நோகிறது என்று கேட்டவர் அக்கா ஒருவர்தான் — அதுவும் காலைச் சுட்ட பிறகு.