கேட்கக் கூடாததைக் கேட்க வந்த சிஸ்டர்

என் அண்ணன் வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு அவர் நடக்க ஆரம்பித்தார். காலாற நடப்பது போல அல்ல, ஷிப்டுக்குப் போவது போல. விடிவதற்குள் எழுந்து, ஸ்கெலட்டன் லைன் என்ற தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து கிளம்பி, மூடிக் கிடக்கும் ஷாப்டின், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் குழியின், வேலி வரைக்கும் போவார். சோற்று நேரத்துக்குத் திரும்புவார். குளிப்பார், பேசாமல் சாப்பிடுவார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

நாங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது சுரங்கத்து வீடுகளில் மரியாதை. கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வந்தவனிடம் கீழே என்ன நடந்தது என்று கேட்கக் கூடாது. பாறை சரிந்திருக்கலாம், கூட இறங்கியவன் திரும்பாமல் போயிருக்கலாம். வெந்நீரையும் சோற்றையும் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கேட்டால் மறுநாள் இறங்கும்போது கால் நடுங்குமாம். இப்போது கேஜும் இல்லை, இறங்குவதும் இல்லை. வழக்கம் மட்டும் ஒழுங்காக வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

நான் படித்தவன் ஆயிற்றே. பெங்களூரு நடைபாதையில் வாங்கிய மனோதத்துவப் புத்தகம் ஒன்றைத் திறந்தேன். அண்ணனுக்கு என்ன என்று பிடிபடவில்லை. எனக்கு அரை டஜன் வியாதி இருப்பது மட்டும் உறுதியாயிற்று.

கடைசியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் மருந்தகத்துக் கம்பவுண்டரிடம் போய் நின்றேன்.

"இதுக்கு மாத்திரை நம்மகிட்ட இல்ல சார். ஆண்டர்சன்பேட்டைல ஒரு சிஸ்டர் கீறாங்க. மனநலத்துக்குன்னே மேல்படிப்பு படிச்சவங்க. பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு டெய்லி ரயில்ல போய்ட்டு வராங்க."

ஊசி போடுவதும் கட்டுக் கட்டுவதும் தவிர நர்சுகளுக்கு மேல்படிப்பு வேறு உண்டா என்று வியந்துகொண்டே தேடிப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்ட நேரம். கருவாட்டுக் கடையில் அகப்பட்டார். நெத்திலியில் பாதி மண் என்று கடைக்கார அம்மாவோடு பலத்த சண்டை. பிறர் மனதைத் தடவிக் கொடுப்பவர் இப்படிக் கத்தலாமா என்று எனக்கு முதல் அதிர்ச்சி.

"சிஸ்டர், எங்க அண்ணன் விஷயமா..."

"நீங்க நல்லா தூங்கறீங்களா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். அண்ணனுக்குத்தான்."

"அது புரியுது. நீங்க தூங்கறீங்களான்னு கேட்டேன்."

தூங்கவில்லைதான். அதை ஒப்புக்கொள்ளாமல் அண்ணன் கதையைச் சொன்னேன். நெத்திலியைப் புரட்டிக்கொண்டே கேட்டார். சோகமாகவே முடிக்க வேண்டாமே என்று கடைசியில் ஒரு நல்ல சேதியையும் சேர்த்தேன்.

"பாசம் மட்டும் ஜாஸ்தியாய்டுச்சு சிஸ்டர். போன வாரம் அவரோட வாட்சையே எனக்குக் குடுத்துட்டாரு, பாருங்க."

என் மணிக்கட்டைப் பார்த்தார். நெத்திலியைப் போட்டுவிட்டு, "ஆட்டோ கூப்பிடுங்க. இப்பவே போலாம்" என்றார்.

ஆட்டோவில் கெஞ்சினேன். "பிரஷர் பாக்க வந்தேன்னு சொல்லிடுங்க சிஸ்டர். லைன் வீடு. ஒரு சுவருக்கு ரெண்டு குடும்பம்."

"முதல் வார்த்தையே பொய்யா இருந்தா, அப்புறம் நான் சொல்றத அவர் இன்னாத்துக்கு நம்பணும்?"

வாசலிலேயே, தெளிவான குரலில், "அண்ணா, நான் மனநல நர்ஸ். உங்க தம்பி கூட்டியாந்தாரு. கொஞ்ச நேரம் பேசலாமா?" என்றார். பக்கத்து வீட்டு ரேடியோ டக்கென்று நின்றது.

அண்ணன் என்னை முறைத்தார். "டேய், எனக்கு மெண்டல்னு சொல்லிட்டியா?"

"அப்டி சொல்லல அண்ணா. வாட்ச குடுத்துட்டீங்கன்னு சொன்னாரு."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி டீ கொண்டுவந்தார். சிஸ்டர் ஒரு வாய் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கும் அதே குரலில் கேட்டார்:

"செத்துப் போய்டலாம்னு தோணுதா அண்ணா?"

அண்ணி கத்தியே விட்டார். "இன்னா சிஸ்டர் இது! வீட்டுக்குள்ள வந்து இன்னா பேச்சு பேசறீங்க!" நானும் ஏதோ சொல்ல எழுந்தேன். சிஸ்டர் கையை மட்டும் காட்டி எங்களை நிறுத்தினார். கண் அண்ணனை விட்டு அகலவில்லை.

"தோணுது" என்றார் அண்ணன். "தெனம் தோணுது. அதுக்குத்தான் வேலிகிட்ட போறேன். அப்புறம் இவ சோறாக்கி வச்சிகினு குந்தினு இருப்பாளேன்னு வந்துர்றேன்."

சுரங்கத்தில் இன்று எந்த லெவலில், எந்த ஆழத்தில் வேலை என்று சொல்வது போலச் சொன்னார். அண்ணன் வாக்கிங் போகிறார், சர்க்கரை குறையும் என்று ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தவன் நான். விடைபெறுவதற்காகக் கொடுத்த வாட்ச் கையில் சுட்டது.

அண்ணி சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"யாரும் கேக்கலியே."

பக்கத்து வீட்டில் கூட யாரும் இருமவில்லை.

"கேட்டா அந்த நெனப்பு வந்துடும்னு பயப்படாதீங்க அக்கா" என்றார் சிஸ்டர். "இருக்கறதுதான் வெளிய வரும். இனிமே தெனம் கேளுங்க. சுத்தி வளைக்காம கேளுங்க."

அன்று முழுக்க அண்ணனைத் தனியாக விடவில்லை. மறுநாள், தான் தினமும் போகும் பங்காருபேட்டை ரயிலில் சிஸ்டர் எங்களைப் பெங்களூருக்கு அழைத்துப்போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்தார். மாத்திரை, மறுபடி பேச்சு, மறுபடி ரயில் என்று மாதங்கள் போயின. நடுவில் வேலிப் பக்கம் போன நாட்களும் உண்டு. அப்போது நானும் கூடவே போனேன், இந்த முறை வாக்கிங் என்று சொல்லிக்கொள்ளாமல்.

அண்ணியால் முதலில் கேட்கவே முடியவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு, அடுப்பையே கேட்பது போலக் கேட்பார். போகப்போகப் பழகிவிட்டது.

ஒரு நாள் காலை நான் போயிருந்தபோது அண்ணி காபியை அண்ணன் முன்னால் வைத்தார். "இன்னிக்கி அந்த நெனப்பு வந்துச்சா?"

"வர்ல. காபில சக்கரையும் வர்ல, அதக் கேளு மொதல்ல."

பிறகு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். "டேய், என் வாட்ச குடு."

கழற்றிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்ட்ராப்ப ஏன்டா மாத்தினே? உன்ன யாரு மாத்தச் சொன்னது?"

காபி ஆறும்வரை திட்டினார். ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.