மகள் அல்லாஹ்விடம் கேட்டது

கிழக்கிலங்கைச் சாய்ந்தமருதிலிருந்து சைக்கிளில் சாரன் துணி மூட்டை கட்டிக்கொண்டு போய் நாவிதன்வெளிப் பக்கம் விற்றுத் திரிந்தவன் நான். எண்பதுகளின் தொடக்கத்தில், நோன்புப் பெருநாள் கழிந்து பத்தாம் நாள், என் மனைவி சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள். எங்கள் ஒரே மகள் ஜெஸீமாவுக்கு அப்போது ஏழு வயது.

எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். எங்களிடம் இருந்தது ஓலைக் குடில் ஒன்றுதான். பஸ் ஏறும் இடத்தில் கதறிய பிள்ளையை எல்லோரும் ஒரே பேச்சால் தேற்றினோம்.

"அழாத மகள், உனக்கு ஊடு கட்டத்தானே உம்மா போறா."

நானும்தான் சொன்னேன். நல்லது சொல்வதாகத்தான் நினைத்தேன்.

மனைவி அனுப்பிய முதல் காசில் குடிலைச் சுற்றிய வளவுக்குள் வீட்டுக்கு அத்திவாரம் போட்டேன். அந்த மாதமே பிள்ளை கதைப்பதை நிறுத்திவிட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாயில் வைக்க மாட்டாள். வகுப்பில் சட்டையோடு ஒன்றுக்குப் போய்விட்டாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. உம்மா பேசிப் பதிந்து அனுப்பிய கசட் நாடாவைப் போட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். ஆசுபத்திரியில் உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார்கள். பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதின தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். மனைவியின் தங்கை மடியில் வைத்துக் கெஞ்சிப் பார்த்தாள். ஒரு சொல் வரவில்லை. மனைவியைத் திரும்பக் கூப்பிடவும் வழியில்லை. இரண்டு வருட ஒப்பந்தம், பாஸ்போர்ட் அந்த வீட்டுக்காரர் கையில். தலைகீழாக நின்றாலும் என்னால் ஒன்றும் ஏலாது.

தொழுகையில் விழுந்தேன். ஸுஜூதில் நெற்றியை நிலத்தில் வைத்துக் கிடந்து ஒன்றையே கேட்டேன்: யா அல்லாஹ், என் பிள்ளையின் வாயைத் திற. வாரங்கள் போயின. கோபத்தில் தொழுகைப் பாயைச் சுருட்டி எறிந்த நாளும் உண்டு. அவன் என்னை மன்னிக்கட்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருகிறேன். அத்திவாரத்துக்குள் பிள்ளை முழங்கால் மடித்து இருக்கிறாள். இரண்டு கையையும் ஏந்தியிருக்கிறாள். சத்தம் காட்டாமல் பின்னால் நின்றேன்.

"யா அல்லாஹ், எனக்கு ஊடு வேணா. நான் கலியாணம் முடிக்க மாட்டன். உம்மாவத் தா."

தான் பெண்ணாய்ப் பிறந்ததால்தான் உம்மா போனா என்று பிள்ளை மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நாங்கள்தான்! நான் கேட்ட குரலை அல்லாஹ் தந்துவிட்டான். அதைக் கேட்டு நிற்கத்தான் எனக்குத் தெம்பில்லை.

ஓடிப்போய்த் தூக்கினேன்.

"உன்னாலயில்ல மகள். வாப்பாதான் உம்மாவ அனுப்பின."

"நீங்களா வாப்பா?"

"ஓம் மகள், நான்தான்."

என் நெஞ்சில் குத்தினாள். குத்திக் குத்தி அழுதாள். பிறகு என் கையால் நாலு வாய் சோறு தின்றாள்.

அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கதைத்தாள். ஒப்பந்தம் முடிந்து மனைவி வந்து இறங்கிய நாளில் பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"வாப்பா, இவ எப்ப திரும்பிப் போவா?"

மனைவிக்கும் அது கேட்டுவிட்டது. கொண்டுவந்த பெட்டியைத் திறக்காமலே உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு அவள் போகவில்லை. பிள்ளை அவள் பக்கத்தில் படுக்கவே மாதக்கணக்கானது. அதுவும் நடந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

பிள்ளைகளின் உம்மாமாரைக் கடல் கடத்தி அனுப்பிவிட்டுத் தவிக்கிற என் சகோதரர்களே, ரப்பிடம் கேளுங்கள், அவன் கைவிடுகிறவன் இல்லை. ஆனால் உங்கள் பிள்ளை அவனிடம் என்ன கேட்கிறது என்று ஒரு நாளாவது பக்கத்தில் இருந்து கேட்டுப் பாருங்கள்.